தட்டு திரும்பி வந்த கிறிஸ்துமஸ்

எங்கள் தெருவில் இருக்கிற எல்லோருக்கும்,

தூத்துக்குடிக்குக் குடிவந்த நாளிலிருந்து, டிசம்பர் 24 சாயங்காலம் எங்கள் வீட்டிலிருந்து பதினோரு தட்டுகள் கிளம்பும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, நாலு துண்டு கேக், ஒரு வாழைப்பழம். தீபாவளிக்கும் ரம்சானுக்கும் உங்கள் வீடுகளிலிருந்து வருவதற்குப் பதில் மரியாதை, அவ்வளவுதான்.

2023-ல் அது நடக்கவில்லை. 17-ஆம் தேதி ஞாயிறு, பூசைக்குப் போய்வந்து முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது என்று அப்புறம்தான் தெரிந்தது. கோரம்பள்ளம் குளத்துத் தண்ணீரும் சேர்ந்து வந்ததில் வறுத்த பயறு, சீனி, மைதா, பிள்ளைகளின் புதுத்துணி எல்லாம் போயிற்று.

மாடி வீட்டு அக்கா, அன்று ராத்திரி நீங்கள் கதவைத் தட்டியிருக்காவிட்டால் நாங்கள் கட்டில்மேலேயே உட்கார்ந்திருப்போம். ஐந்து நாள் உங்கள் ஒரே அடுப்பில் மூன்று குடும்பம் சாப்பிட்டது. என் மாமியாருக்கு உப்பு ஆகாது என்று தனியாகக் குழம்பு எடுத்துவைத்தீர்களே, அந்த நெருக்கடியிலும்! பாய், இடுப்பளவு தண்ணீரில் கஞ்சி வாளியைத் தலையில் வைத்து நீங்கள் வந்ததை என் மகன் இன்னும் நடித்துக் காட்டுகிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நன்றாகவே நடிக்கிறான்.

தண்ணீர் வடிந்த பிறகு சேறு. தெருப் பையன்கள் ஆறு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். டீயைத் தவிர எதையும் வாங்கவில்லை.

அந்த வருடம் குடிலும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். 24 சாயங்காலம் கடை அண்ணாச்சி வந்து, “தட்டு வராத கிறிஸ்துமஸா? நல்லாருக்கே!” என்றார். அவர் பின்னாலேயே தட்டுகள் வந்தன. சுசியம், அதிரசம், ஒரு வீட்டில் வெறும் ரஸ்க். அந்த ரஸ்க் வீட்டுக்காரர்களுக்கு எங்களைவிட அதிக நஷ்டம் என்பது எனக்குத் தெரியும். கோயிலுக்குக் கிளம்புவதற்குள் யாரோ பழைய நட்சத்திரத்தைத் துடைத்து வாசலில் கட்டியிருந்தார்கள். கரண்ட் இல்லை, அது எரியவில்லை. சரி, கட்டியது யார் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். வெள்ளத்தில் அடித்துவந்த மூன்று எவர்சில்வர் தட்டுகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றில் ‘மு.செ.’ என்று பெயர் வெட்டியிருக்கிறது, மற்ற இரண்டில் எதுவும் இல்லை. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டு நாள் முன்னாடி சொல்லிவிட்டு வாருங்கள், பயறு வறுக்க வேண்டும்.