மதுரையில லோக்கல் நெட் கனெக்‌ஷன் குடுக்குற அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணே, வணக்கம்.

நெட் இழுக்குதுன்னு போன் பண்ணா செல்லூர்ல இருந்து வில்லாபுரம் வரைக்கும் ஒரே பதில்தான், "100ல இருந்து 200க்கு மாத்திக்கங்க தம்பி". ஸ்பீட் டெஸ்ட்ல 100 முழுசா வருதுண்ணே. ஆனா மாடியில தங்கச்சி ஒரு வீடியோவ அப்லோட் போட்டவுடனே கீழ ஆன்லைன் கிளாஸ்ல வாத்தியார் வாய் அசையுது, சத்தம் அப்புறமா வருது. இது பிளான் பிரச்சனையே இல்ல, நீங்க மாட்டுன பெட்டிக்குள்ள டேட்டா வரிசையில (க்யூ) தேங்குற பிரச்சனை.

நெரிசல் கதை பழசுண்ணே. 1986ல அமெரிக்காவுல பெர்க்லி பக்கம் 400 கஜ தூரத்துல இருந்த ரெண்டு எடத்துக்கு நடுவுல செகண்டுக்கு 32 கிலோபிட் ஓடுன லைன் நெரிசல்ல வெறும் 40 பிட்டுக்கு படுத்துருச்சு. அதுக்கு வான் ஜேக்கப்சன்னு ஒரு நெட்வொர்க் ஆராய்ச்சியாளர் 1988ல எழுதுன வைத்தியம்தான் இன்னைக்கும் டிசிபிக்கு (நெட்ல டேட்டா அனுப்புற முறை) அடிப்படை, பாக்கெட் (டேட்டாவோட சின்னத் துண்டு) தொலைஞ்சா நெரிசல்னு எடுத்துக்க, வேகத்தக் கொற. வயர்ல சரி, அங்க பெரும்பாலும் க்யூ ரொம்பித்தான் தொலையும். வைஃபைல பழைய வீட்டுச் சுவரு, பக்கத்து வீட்டு ரவுட்டருன்னு எதுலயும் தொலையும், நெரிசலே இல்லாட்டியும் க்யூபிக் (இப்ப பரவலா ஓடுற டிசிபி வகை) வேகத்த 30 சதவீதம் கொறைச்சிரும். அழகர் ஆத்துல எறங்குறப்ப டவர் திணறுறது நெசமான நெரிசல், அங்க கொறைக்கிறது நியாயம். நம்ம வீட்டு சமையக்கட்டுல எதுக்குண்ணே?

கூகுள் 2016ல க்யூபிக்குக்குப் பதிலா பிபிஆர்னு ஒண்ணு விட்டாங்க, தொலைஞ்சத மட்டும் பாக்காம லைனோட வேகத்தையும் தாமதத்தையும் அளந்து அனுப்பும். ஆனா எத ஓட்டுறதுங்கிறது டேட்டா அனுப்புறவன் முடிவு. உங்க கையில இருக்கிறது க்யூ.

ஃபைபர் முடிஞ்சு வைஃபை ஆரம்பிக்கிற எடத்துல நீங்க மாட்டிட்டுப் போற பெட்டியில, பாக்கெட்டே தொலையக்கூடாதுன்னு பஃபர (பாக்கெட்டு காத்துக்கெடக்குற எடம்) பெருசா வச்சிருக்கு. தொலையலன்னா அனுப்புறவனுக்கு நெரிசல்னே தெரியாது, அவன் பாட்டுக்கு ரொப்புவான், சின்ன வாய்ஸ் பாக்கெட்டு தீப்பெட்டி வாங்க வந்தவன் மாச மளிகை லிஸ்ட்டு நீட்டுறவனுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி நிக்கும். இதுக்கு எஃப்க்யூ-கோடெல்னு ஒரு க்யூ மேனேஜர் இருக்குண்ணே, 2018லயே ஆர்எஃப்சி 8290ஆ (இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம்) வந்துருச்சு, லினக்ஸ்ல காசில்லாமயே கெடக்கு. ஒவ்வொரு ஃப்ளோவுக்கும் (அப்லோட் ஒண்ணு, கிளாஸ் ஒண்ணுங்கிற மாதிரி) தனித்தனி க்யூ, 5 மில்லிசெகண்டுக்கு மேல தேங்கிக்கிட்டே இருந்தா ட்ராப் பண்ணும், ஈசிஎன் (தொலைக்காமலே நெரிசலச் சொல்ற வசதி) இருந்தா ட்ராப் பண்ணாம மார்க் மட்டும் போடும். சுவத்தால வைஃபைல தொலையுறதுக்கு இது மருந்து இல்ல, அதுக்கு ரவுட்டர பீரோவுக்குப் பின்னாடி மாட்டாம ஹால்ல மாட்டணும் (இதையும் உங்க பசங்கட்ட சொல்லிருங்க).

அடுத்த லாட் எடுக்குறப்ப சப்ளையர்ட்ட எஸ்க்யூஎம் (இந்த மாதிரி க்யூ மேனேஜரையும் வேக லிமிட்டையும் சேத்து வைக்கிற செட்டிங்) இருக்கான்னு கேளுங்க. இருக்கிற பெட்டியில ஆன் பண்ணி லைன் வேகத்துல 90, 95 சதவீதத்துக்கு லிமிட் வைங்க, அப்பத்தான் க்யூ இந்தப் பெட்டியிலயே நிக்கும். ஸ்பீட் டெஸ்ட் நம்பர் கொஞ்சம் கொறையும், கஸ்டமர் சத்தம் போடுவான்னுதான் யோசிக்கிறீங்கன்னு தெரியும். பழைய பெட்டிக்கு பிராசசர் தாங்காதுன்னா அப்லோடுக்கு மட்டுமாச்சும் போடுங்க. மொதல்ல உங்க ஆபீஸ் லைன்லயே ஒரு பெரிய ஃபைல அப்லோட் போட்டுட்டு பிங் (பாக்கெட்டு போய்ட்டு வர்ற நேரம்) பாருங்கண்ணே, ஆன் பண்ணிட்டு மறுபடி பாருங்க.