மா. கிருஷ்ணன் பெயரில் சிலை வேண்டாம், நாட்டு மரம் வையுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் பூங்காத் துறை அலுவலர்களுக்கு, வணக்கம்.

இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனை உங்களில் எத்தனை பேர் படித்திருப்பீர்களோ தெரியாது. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையாவின் கடைக்குட்டி. தாவரவியல் படித்தார், சட்டமும் படித்தார். கொஞ்ச காலம், இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை. அது இந்தியாவோடு இணைந்ததும் சென்னைக்கு வந்துவிட்டார். அப்புறம் எழுத்தும் புகைப்படமும்தான் அவருக்குப் பிழைப்பு. 1950இல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயற்கை பற்றி எழுதத் தொடங்கி, 46 ஆண்டுகள் விடாமல் எழுதினார். 1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை காலமானார். கடைசிக் கட்டுரை அன்றைக்குத்தான் அச்சாகி வந்தது.

முதுமலையில் யானை மேல் உட்கார்ந்து காட்டு யானைகளைப் படம் எடுத்தவர் அவர். எல்லாம் கறுப்பு வெள்ளை, அதுவும் தானே பாகம் பாகமாகச் சேர்த்துக்கொண்ட ஒரு கனத்த கேமராவில். இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். 1970இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் யானையைப் பார்த்த அதே கண்ணோடு வீட்டுச் சுவரில் ஓடும் அணிலையும், காக்கையையும், பல்லியையும் பார்த்தார். காட்டுக்குப் போக முடியாதவனுக்கும் கொல்லைப்புறம் இருக்கிறதே! எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்.

இப்படி ஒருவரைச் சென்னை எப்படி நினைவு வைத்துக்கொள்வது? சிலை வேண்டாம், காக்கைக்குத்தான் உபயோகம். தெருவுக்குப் பெயர் வைப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. அவர் குடியிருந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலையே ராதாகிருஷ்ணன் சாலை ஆகிவிட்டது. எந்தப் பெயரும் நிலையில்லை.

அவரே கேட்டுக்கொண்டிருந்த ஒன்று உண்டு. அழகுக்காக வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் தொடர்ந்து எதிர்த்தார். பூக்கும் மரத்துக்கு இங்கே பஞ்சமா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்வி உங்கள் துறைக்கு வந்து சேரவேயில்லை. இன்றும் சாலையோரம் மடகாஸ்கரின் குல்மோகர், தென் அமெரிக்காவின் டபேபுயா என்றே நிற்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது குல்மோகர்கள் வரிசையாக முறிந்து கிடந்ததை நீங்கள்தானே ரம்பம் வைத்து அறுத்து அகற்றினீர்கள்? நியாயமாகச் சொன்னால் புயலில் நாட்டு மரங்களும் விழுந்தன. வேரைச் சுற்றி சிமென்ட் பூசினால் எந்த மரம் நிற்கும்?

ஒரு புங்க மரத்தைக் கவனித்துப் பாருங்கள். கோடை தொடங்கும்போது இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாகும். செத்துவிட்டதோ என்று நினைப்பதற்குள் பளபளவென்று தளிர் விட்டு, ஏப்ரல் வெயிலில் தெருவிலேயே அடர்ந்த நிழல் அதன் கீழ்தான் இருக்கும். பிறகு பூ. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய் நடைபாதையில் பொரி போல் கொட்டும், மேலே தேனீ இரைச்சல். இலையைப் பறித்துப் பார்த்தால் யாரோ பேனாவால் கிறுக்கிய மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடும். இலைக்குள்ளேயே வாழும் ஒரு பூச்சியின் புழு தின்றுகொண்டே போன வழி அது. ஒரே இலையில் இத்தனை நடக்கிறது. கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னையை எடுத்துக்கொண்டால், அதன் பழத்துக்கு வௌவால் வரும். குல்மோகரில் பூ முடிந்த பிறகு கத்தி போல் காய்ந்த நெற்றுகள்தான் மிச்சம்.

நிற்கிற மரம் எதையும் வெட்டச் சொல்லவில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் பாட்டுக்கு நிழல் தரட்டும். இனி நடுவதைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த மழைக்கு முன் பட்டியல் போடும்போது, சாலையோரங்களுக்குப் புங்கம், பூவரசு, மகிழம், நாவல், நீர்மருது, சரக்கொன்றை என்று எழுதுங்கள். தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் விட ஒப்பந்தக்காரரிடம் சொல்லுங்கள், சொன்னதோடு நிற்காமல் போய்ப் பாருங்கள். முதலில் ராதாகிருஷ்ணன் சாலையில் வையுங்கள். அப்படியே, எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் தொகுத்த கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரை நூலான 'மழைக்காலமும் குயிலோசையும்' மாநகராட்சிப் பள்ளி நூலகங்களில் இருக்கிறதா என்று கல்வித் துறையைக் கேளுங்கள்.

நாற்று கிடைக்கவில்லை என்ற பதில் மட்டும் வேண்டாம். புங்க மரத்தடியில் காய்கள் குவிந்து கிடக்கும் பருவத்தில் உங்கள் தூய்மைப் பணியாளர்கள்தான் அதைப் பெருக்கிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். அதில் நாலு சாக்கு உங்கள் நாற்றங்காலுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
மயிலாப்பூர்வாசி ஒருவர்