மருத்துவமனை ஊழியர் நல மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம். மன்றத்தில் 46 பேர். இன்று கையெழுத்துப் போட்டிருப்பது 17. நைட் டூட்டி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்த நான்கு பேரும் அதில் அடக்கம். லீவில் இருப்பவர்களைத்தான் காணோம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. மே 12 செவிலியர் தினத்தில் கேக் வெட்டினோம். ஓய்வு பெற்ற இருவருக்குச் சால்வை போர்த்தினோம். பொங்கல் கோலப்போட்டி ஆள் வராததால் நடக்கவில்லை.

இனி ஓய்வறை விவகாரம். உடைந்த கட்டில்கள் கிடந்த ஸ்டோர் ரூமை ஐந்து மாதம் நடையாய் நடந்து கேட்டு வாங்கினேன். வெள்ளையடித்து, ஒரு பெஞ்சு, ஒரு ஃபேன், குடிதண்ணீர் கேன், ஒரு கெட்டில் வைத்தோம். பக்கத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. ‘மன்றத்துக் காசில் செயலாளர் தூங்க இடம் பிடித்துவிட்டார்’ என்று ஒரு பேச்சு என் காதுக்கும் வந்தது. பதில் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவக் கல்லூரி அல்லாத மருத்துவமனையின் பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. இங்கே ராத்திரியில் 30 கட்டிலுக்கு ஒருவர். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் விடியும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்து பழகியவர்கள் நாம். இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் அப்படி இருந்துவிட்டு, நாலு மணிக்கு ‘சிஸ்டர், ட்ரிப் முடிஞ்சிருச்சு’ என்று ஒரு அம்மா வந்து நின்றால் முகம் கொடுத்துப் பேச வராது. நானும் கத்தியிருக்கிறேன். புகார்ப் பெட்டியில் விழும் கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எரிந்து விழுகிறார்கள்’ என்பதுதான். அதற்காகக் கனிவாகப் பேச ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அன்றைக்கும் மதியச் சாப்பாட்டுக்கு மூன்று மணி ஆகிவிட்டது.

செப்டம்பரில் ஒரு விடிகாலை, திருக்கை மீனை மிதித்து, அதன் விஷமுள் குத்திய ஒருவரைத் தூக்கி வந்தார்கள். ஊசியும் கட்டும் சீக்கிரம் முடிகிற வேலை. வலியை அடக்குவது வெந்நீர்தான். 45 டிகிரி தாண்டாமல், தாங்கும் சூட்டில், 30 முதல் 90 நிமிடம் கால் முங்கியிருக்க வேண்டும். ஆற ஆறச் சூடு சேர்க்க வேண்டும், கால் வெந்துவிடாமல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். முன்பெல்லாம் ஒரு வாளி வெந்நீர் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவோம். அன்று நம் உறுப்பினர் ஒருவர் ஓய்வறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தார், பக்கத்திலேயே கெட்டிலும் இருந்தது. முழு நேரமும் கூட நின்றார். ‘இம்புட்டு நேரம் நின்னீகளே தாயி’ என்றார் கூட வந்த பெரியவர். நான் ஸ்டோர் ரூம் கேட்டது இதற்குத்தான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வந்தது செலவாகிவிட்டது, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கெட்டில் இரண்டு முறை பழுதானது. இரண்டாவது முறை என் கைக்காசு. அதைச் சொல்லிக்காட்ட இங்கே நிற்கவில்லை. மாதச் சந்தா 50 ரூபாய், பாக்கி வைத்திருப்பவர்கள் 21 பேர். அந்தப் பட்டியலையும் ஓய்வறைச் சாவி வாங்குகிறவர்கள் நோட்டையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர் சொல்லப்போவதில்லை.

இடம் தந்த நிர்வாகத்துக்கும், அறையைக் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி. தூய்மைப் பணியாளர்களையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று நான் கொடுத்த தீர்மானம் மூன்றாவது கூட்டமாகத் தள்ளிப்போகிறது. அவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அடுத்த ஆண்டுக்கு வேறு யாராவது செயலாளராக வந்தால் மனப்பூர்வமாக ஒதுங்கிக்கொள்வேன். கேன் தண்ணீர் போடுகிறவர் மட்டும் இந்த மாதத்தோடு கடனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார். சந்தா நோட்டு ஓய்வறை அலமாரியில், கெட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவையும் நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.