உன் வாணத்தைப் பார்த்தேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய வீடியோவும் வந்து பத்து நாளாகிறது. "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிப் போட மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம். வகுப்பில் எறிபொருள் இயக்கம் நடத்துவதற்காக, யாரும் கேட்காமலே, ராத்திரி கண்விழித்து, கணினியில் துகள்களை உமிழவிடும் பார்ட்டிகிள் எமிட்டரைக் கற்றுக்கொண்டு ஒரு வாணவேடிக்கையே செய்திருக்கிறாய். படிக்கிற காலத்தில் நீ கரும்பலகையில் பரவளையம் வரைந்தால் சாக்பீஸ் ஒரே இழுப்பில் போகும். அந்த ஆர்வம் கொஞ்சமும் குறையவில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. நன்றாக இருக்கிறாள். அவள் சொன்ன ஒரு விஷயம் உன் வாணத்துக்கும் பொருந்தும், கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் உன் புகார். "துகளை 50,000 வரை ஏற்றிவிட்டேன், இன்னும் பஞ்சுப்பொதி வெடித்த மாதிரியே இருக்கிறது" என்கிறாய். துகளைக் குறைத்துவிடு. நிஜ வாணத்தில் ஒரு குண்டு வெடித்தால் வெளியே வருவது பெரும்பாலும் சில நூறு மருந்து உருண்டைகள்தான். உனக்கு 300 தாராளம். பஞ்சாகத் தெரிவதற்குக் காரணம் நீ வேகத்தை 0 முதல் 80 வரை எப்படியும் போகட்டும் என்று விட்டிருப்பதுதான். உருண்டைகள் எல்லாம் ஒரே அளவு, தள்ளுவதும் ஒரே வெடி. ஆகவே கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் கிளம்புகின்றன. வானத்தில் நாம் பார்க்கும் பூ, நடுவில் காலியான கோளம். வேகத்தில் ஐந்து, ஆறு சதவீத வித்தியாசம் மட்டும் வை, பஞ்சு போய்விடும்.

இன்னொன்று, உன் கோளத்தில் மேலும் கீழும் துகள்கள் குவிந்து கொண்டை போட்டிருக்கின்றன. இரண்டு கோணங்களையும் சமவாய்ப்பில் எடுத்திருப்பாய். உயரத்தை -1 முதல் 1 வரை சமவாய்ப்பில் எடு, சுற்றுக்கோணத்தை மட்டும் தனியாக எடு. கோளத்தில் ஒரு பட்டையின் பரப்பு அதன் உயரத்தை மட்டுமே பொறுத்தது என்று ஆர்க்கிமிடீஸ் காட்டியது உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர் கணக்கு இங்கே ஒரே வரி நிரலாக வேலை செய்கிறது.

இப்போது முக்கியமான இடம். புவியீர்ப்புக்கு 9.8 சரியாகப் போட்டிருக்கிறாய், காற்றின் இழுவையை 0 என்று விட்டுவிட்டாய். வெற்றிடத்தில் வெடித்த வாணம் அது. நிஜ வாணத்தின் உயிரே அந்த முதல் அரை நொடியில்தான் இருக்கிறது: சீறிப் பாய்ந்து, எதிலோ முட்டியதுபோல் தயங்கி, ஒரு கணம் தொங்கி, பிறகு தளர்ந்து இறங்கும். உன் மென்பொருளில் இழுவைக்கு 2 என்று போட்டுப் பார். நொடிக்கு 80 மீட்டரில் கிளம்பிய துகள் அரை நொடியில் 30க்கும் கீழே வந்துவிடும். அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். எவ்வளவு நேரம் விட்டாலும் 40 மீட்டர் ஆரத்தைத் தாண்டாது. கீழே விழும் வேகமும் நொடிக்கு 5 மீட்டரை ஒட்டி நின்றுபோகும். உண்மையில் இந்த வேகத்தில் இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், எரிய எரிய உருண்டை இலேசாகி இன்னும் சீக்கிரம் தளரும். அதையெல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒற்றை எண்ணே உன் காட்சியை மாற்றிவிடும்.

வால் விடும் துகள்களை ஒரு பிரேமில் நிறுத்திப் பார்த்தாயா? பாசிமணி கோத்தமாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது. துகள் 80 மீட்டர் வேகத்தில் போகும்போது, நொடிக்கு 60 பிரேமில், ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விழுகிறது. பொறிகளைப் பிரேமுக்கு இத்தனை என்று விடாமல், கடந்த தூரத்துக்கு இத்தனை என்று விடு.

நிறத்துக்கு வருகிறேன். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்குச் செம்பு. இதில் நீலம்தான் சிரமமானது. சூடு கூடினால் நீல ஒளி தரும் செம்புச் சேர்மம் சிதைந்து நிறம் வெளுத்துவிடும். அதனால் நல்ல நீல வாணம் எப்போதும் மற்றவற்றைவிட ஒரு படி மங்கலாகவே இருக்கும். உன் நீலம் டியூப்லைட்போல் பளீரென்று இருப்பதால்தான் பொய்யாகத் தெரிகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களில் சிவப்புக்கு (1, 0, 0) போடாதே, எவ்வளவு பிரகாசம் ஏற்றினாலும் தட்டையான சிவப்பாகவே நிற்கும். மற்ற இரண்டிலும் ஒரு துளி கலந்து, மொத்தத்தையும் எட்டு, பத்து மடங்கு பெருக்கு. நடு வெளுத்து ஓரம் சிவக்கும். ப்ளூம் என்கிற ஒளிக்கசிவு அதற்குப் பிறகுதான்.

புகையை மறந்துவிடாதே. பெரிய புகைப்படலங்கள் இருபது போதும், அடுத்த வெடியின் வெளிச்சம் அவற்றில் ஒரு கணம் படவேண்டும். அதிகம் போட்டால் கிராபிக்ஸ் கார்டு திணறும்.

சத்தம் பற்றி எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில், அரை கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கும் காட்சி ஒன்று செய்தேன். ஒலி நொடிக்கு 340 மீட்டர். ஒன்றரை நொடி கழித்து இடி கேட்கும்படி வைத்தேன். பொறுப்பில் இருந்தவர் தவறு என்று சொல்லி வெளிச்சத்தோடு சேர்த்துவிடச் சொன்னார். சேர்த்தவுடன் வானம் சுருங்கி அறைக்குள் வந்துவிட்டது. நீ உன் மாணவர்களுக்கு அந்த ஒன்றரை நொடியைக் கொடு. தூரத்தைக் காதால் அளப்பார்கள்.

இனி, அணைவது. துகள் முறையை முதலில் எழுதி வெளியிட்டவர் வில்லியம் ரீவ்ஸ். லூகாஸ்ஃபிலிம் என்ற சினிமா நிறுவனத்தில் இருந்தபோது, ஒரு கோள் முழுவதும் தீ பரவும் காட்சிக்காகச் செய்ததை 1983இல் கட்டுரையாக்கினார். வாணவேடிக்கையும் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு துகளும் பிறக்கிறது, வாழ்கிறது, சாகிறது என்பதுதான் அடிப்படை. நாம் எல்லாரும் பிறப்பில் உழைப்பைக் கொட்டிவிட்டுச் சாவை மென்பொருளின் கையில் விட்டுவிடுகிறோம். நீயும் பிறந்ததிலிருந்தே சீராக மங்கிக் கரையும்படி விட்டிருக்கிறாய். மருந்து உருண்டை அப்படி அணையாது. மேலிருந்து உள்ளே எரிந்துகொண்டே போய், மருந்து இருக்கும்வரை ஒளிர்ந்து, தீர்ந்ததும் சட்டென்று நிற்கும். கரித்தூள் சேர்த்துத் தொங்கவிடும் பொன்னிறப் பொறிகள் வேறு சாதி: அவை ஆறும் தணல், மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகி, இருளும். இரண்டுக்கும் ஒரே வளைகோட்டைப் போடாதே. ஆயுளில் பத்து சதவீதம் முன்னே பின்னே வை. எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால் யாரோ சுவிட்சைத் தட்டியது போலிருக்கும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கட்டுப் பிரித்த மறுவாரம் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் செய்துகொண்டிருந்த வாணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். வெடிக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் அணைந்த பிறகு இடது ஓரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் கூடுதலாக எரிந்து இறங்கியது. "அது போச்சே, அதை இன்னொரு தடவை காட்டு" என்றாள். மூன்று தடவை காட்டினேன். அது பத்து சதவீதத்தில் தற்செயலாக விழுந்த துகள். இப்போது ஒவ்வொரு வாணத்திலும் அப்படி நாலைந்தை வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி வகுப்பை மாற்றித் தந்தார்களா? அதை எழுதவே இல்லையே. மாற்றங்களைச் செய்துவிட்டு, இந்தத் தடவை வீடியோ வேண்டாம், ஃபைலையே அனுப்பு. அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் நண்பன்