கணக்கு சாருக்கும் மற்ற எல்லோருக்கும்

சீர்திருத்த இல்லத்தில் இருந்தபடியே பரீட்சை எழுதித் தம்பி பாஸாகிவிட்டான். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி கிளறப் போவதில்லை. நன்றியை ஆறப்போட்டால் சொல்லாமலே போய்விடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு சாருக்கு. சீர்திருத்த இல்லத்துக்குள் கம்பி, ஊசி எதுவும் போகக் கூடாது. ஸ்பைரல் நோட்டை விடுங்கள், சாதாரண நோட்டின் நடுவில் இருக்கும் பின்கூட ஆகாது. நாங்கள் வாங்கிக் கொடுத்தவை வாசலோடு திரும்பி வந்தன. பின்னைப் பிடுங்கிவிட்டுக் கொடுத்தால் தாள் தாளாகப் பிரிந்து, எது எந்தப் பாடம் என்றே தெரியாது. சார் என்ன செய்தார் தெரியுமா? எல்லாப் பிள்ளைகளின் நோட்டுகளையும் வீட்டுக்கு எடுத்துப் போய், பின்னைக் கழற்றி, அதே ஓட்டை வழியாகத் தடித்த வெள்ளை நூல் கோத்துத் தைத்துக் கொண்டுவந்தார். முடிச்சு வெளிப்பக்கம். உள்ளே இருந்தால் எழுதும்போது கையை உறுத்துமாம். அட்டையில் வழக்கு எண், அறை எண் எதுவும் கிடையாது. பெயர், வகுப்பு, பாடம், அவ்வளவுதான்.

வெளியே படித்த காலத்தில் நோட்டுக்கு அட்டைகூடப் போடாதவன் தம்பி. இந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் மார்ஜின் கோடு போட்டிருக்கிறான்! நோட்டைத் தைத்துத் தரச் சொல்லிச் சாரை யாரும் கேட்கவில்லை. அவருக்கு அது வேலையும் இல்லை.

அப்புறம், பழைய பள்ளிக்கு டி.சி.க்காக அலைந்த நன்னடத்தை அலுவலர், தேர்வு மையத்துக்குச் சீருடை இல்லாமல் கூட வந்த காவலர்கள், பரீட்சைக்கு முந்தைய இரவுகளில் விளக்கை அணைக்காமல் விட்ட வார்டர், எல்லோருக்கும் நன்றி. அலுவலகத்து அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடைபட்டிருந்த இடம் சான்றிதழில் எந்த விதத்திலும் தெரியக் கூடாது என்று, காவலில் இருக்கும் சிறார்களுக்கான ஐ.நா.வின் ஹவானா விதிகள் 1990லேயே சொல்லிவிட்டன. ஏட்டில் இருப்பது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. தேர்வு விண்ணப்பம் போகும் முன்பே அதில் இருந்த இல்லத்து முகவரியைப் பார்த்துத் திருத்தியவர் அவர்தான்.

அவன் வெளியே வர இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த வகுப்பும் அங்கேயேதான். சார், இனிமேல் நோட்டுகளை நான் தைத்துத் தருகிறேன். பிள்ளைகள் எத்தனை பேர், என்ன நூல் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.