பரணில் கிடக்கும் கமோடு நாற்காலியும் கொஞ்சம் பணமும் வேண்டும்

அன்புடையீர்,

முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறோம். வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டும்போதுதான் டாக்டர்கள் பொதுவாக ஆபரேஷன் பேச்சை எடுப்பார்கள். எலும்பில் திருகுகள் இறக்கி, இரண்டு கம்பிகளைப் பூட்டி நிமிர்த்தி, ஒட்டு எலும்பு வைத்து மூடுவார்கள். அந்தச் செலவை நகை, கடன், காப்பீடு என்று எப்படியோ புரட்டிவிடுகிறோம். வீட்டுக்கு வந்தபின் வரும் மாதங்களுக்குத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை.

பெரும்பாலும் ஒரு வாரத்தில் பிள்ளை நடந்தே வீடு வந்துவிடும். ஆனால் ஒட்டு எலும்பு பிடித்து இறுக ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். முதல் சில மாதங்கள் குனியக்கூடாது, இடுப்பை முறுக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. நம் வீடுகளில் பாயில் படுக்கை, தரையில் சாப்பாடு, குத்தவைக்கும் கழிவறை. மூன்றும் ஆகாது. எங்களில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே ஓட்டை போட்டு, அறுத்த விளிம்பு குத்தாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கமோடாக்கினார்.

கம்பி போட்டதும் ஓரிரு அங்குலம் உயரும் பிள்ளைகள் உண்டு. போன மாதம் தைத்த சுடிதார் பேண்ட் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், "அம்மா, நான் ஒரு பக்கமா சாயுறேன்" என்று அழும். சாயவில்லை. வருடக்கணக்காக வளைந்தே நின்ற உடம்புக்கு நேராக நிற்பது கோணலாகப் படுகிறது, அவ்வளவுதான். ஆள் உயரக் கண்ணாடி முன் தினமும் நின்று, கண்ணால் பார்த்துப் பழகினால் மெல்லச் சரியாகும். அதனால்தான் நாங்கள் கேட்கும் பொருள்களில் கண்ணாடியும் இருக்கிறது, அலங்காரத்துக்கு அல்ல.

இந்தச் சாமான்களை இரவல் தரும் ஒரு கிடங்கைத் தொடங்குகிறோம். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், கமோடு நாற்காலி, வாக்கர், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 22,000 ரூபாய். முதலில் ஐந்து வீட்டுக்கு, அதாவது 1,10,000 ரூபாய். எங்களுக்குள் 38,000 சேர்ந்துவிட்டது; மீதி 72,000 தேவை. வாடகையோ முன்பணமோ கிடையாது. மூன்று மாதம் வைத்திருந்து, கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தால் போதும். டிஸ்சார்ஜ் அன்று எங்களில் பலருக்குக் கிடைத்த தாள் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆகவே, படுக்கையில் உடம்பு முறுக்காமல் மரக்கட்டைபோல் உருண்டு, கையூன்றி எழுவது முதலானவற்றைப் படத்தோடு தமிழில் அச்சடித்துக் கட்டிலோடு அனுப்புவோம்.

ஐம்பது ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவு மாதாமாதம் எல்லோருக்கும் வரும்.

பணம் தர வசதிப்படாதவர்கள், தாத்தா பாட்டிக்கு வாங்கிப் பரணில் போட்டுவிட்ட வாக்கரையோ கமோடு நாற்காலியையோ தரலாம். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். கால் ஆடினாலும் பரவாயில்லை, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அப்பா ஒருவர் குழுவில் இருக்கிறார்.

இப்படிக்கு,
பெற்றோர் குழுவினர்