கிறிப் சேஃப்ரியும் ஒரு சைக்கிள் ரியூப்பும்

துப்பாக்கிச் சுடுதல் போட்டி விதிகளைத் தமிழில் அனுப்பிவைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சுற்றறிக்கையின் ஒற்றை வரியால், எங்கள் பிள்ளை ஒருத்தி கொழும்பில் போட்டிச் சாமான் பரிசோதிக்கிற மேசைக்கு முன்னால் நின்று சைக்கிள் ரியூப்பைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டி வந்தது. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

"பிடிப் பாதுகாப்பு எந்நேரமும் இயங்கும் நிலையில் பேணப்படல் வேண்டும்." இதுதான் வரி. ஆங்கில மூலத்தில் அது கிறிப் சேஃப்ரி, சில பிஸ்டல்களின் பிடிக்குப் பின்னால் இருக்கிற ஒரு பூட்டு. சாமானைக் கையில் பிடித்துப் பார்த்தவனுக்கு உடனே விளங்கும். பார்க்காத பிள்ளை என்ன வாசிக்கும்? பிடி பாதுகாப்பாக இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்களிடம் இருந்த எயார் பிஸ்டலின் (காற்றழுத்தத்தால் சுடுகிற கைத்துவக்கு) மரப்பிடி அவளுடைய சின்னக் கைக்குப் பெரிது. பழைய ரியூப்பை நாடாவாகக் கிழித்து, பிடியைச் சுற்றி, மிச்சத்தை மணிக்கட்டு வரை இழுத்துக் கட்டிவிட்டார்கள். "விதியிலை போட்டிருக்குத்தானே மாஸ்டர்" என்று என்னிடமே வந்து காட்டினார்கள். அந்தக் கிழமை நான் காய்ச்சலில் கிடந்தேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அதில் என் பிழையும் உண்டு.

பத்து மீற்றர் எயார் பிஸ்டலுக்குச் சர்வதேச விதி தெளிவானது. பிஸ்டலின் எந்தப் பாகமும் கையைத் தாண்டி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும். பிஸ்டல் பிடிக்கிற கையில் மணிக்கூடு, காப்பு, பட்டி ஒன்றும் ஆகாது. ரியூப் கழன்றது. அதோடு வற்றாப்பளை அம்மன் கோயிலில் கட்டிய நூலையும் அறுக்கச் சொன்னார்கள். அதிகாரி செய்தது சரி. அவரில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நூலைப் பற்றிய விதி உங்கள் தமிழ்ப் பிரதியில் இல்லவே இல்லை. கிளிநொச்சியில், தாய் பக்கத்தில் நிற்க, மெல்ல அவிழ்த்து வைத்திருக்கலாம். கறுத்த விரல்களோடு அவள் போய்ச் சுட்டாள். புள்ளியை நான் கேட்கவில்லை.

இனி, அந்தச் சொல்லுக்கு உரிய சாமானுக்கு வருகிறேன். எயார் பிஸ்டலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஜோன் பிரவுனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்க இராணுவம் எடுத்துக்கொண்ட பிஸ்டலின் பிடிக்குப் பின்புறம், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சவ்வு பதிகிற இடத்தில், ஒரு சின்ன இரும்பு நெம்பு இருக்கும். கை இறுக்கிப் பிடித்து அதை உள்ளே தள்ளினால்தான், சுடுவதற்கு விரலால் இழுக்கிற விசை பின்னுக்குப் போகும். கை விட்டால் நெம்பு வெளியே வந்துவிடும், விசை பூட்டிக்கொள்ளும். கையிலிருந்து நழுவி விழுகிற பிஸ்டலின் விசை எதிலாவது கொழுவினாலும் வெடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு.

நான் ரொறன்ரோவில் இருந்த காலத்தில் வார இறுதிகளில் ஒரு கழகத்தில் சாமான் பரிசோதிக்கிற மேசையில் உதவிக்கு நின்றிருக்கிறேன். ஒருநாள் ஒருவர் கொண்டுவந்த அந்த 1911 வகைப் பிஸ்டலின் பிடி முழுக்கக் கறுப்பு ரேப், அதாவது ஒட்டுநாடா. வியர்வைக்காகச் சுற்றியதாகச் சொன்னார். தோட்டா அடைக்கிற மகசீனைக் கழற்றி, தோட்டா அறை வெறுமை என்று இரண்டு பேர் பார்த்த பிறகு, தோட்டாவை வெடிக்கவைக்கிற சுத்தியலைப் பின்னிழுத்து, பின்பக்க நெம்பில் கை படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினேன். டக்கென்று சுத்தியல் விழுந்தது. விழவே கூடாத சுத்தியல். ரேப் அந்த நெம்பை நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தது. அவர் முகத்தில் தெரிந்தது கள்ளம் இல்லை, திகைப்பு.

இப்போது உங்கள் வரியைத் திரும்ப வாசியுங்கள். "பிடிப் பாதுகாப்பு" என்பதைப் பிடியை இறுக்கிக் கட்டு என்று விளங்கிக்கொண்டு ஒருவன் அப்படியொரு பிஸ்டலில் ரியூப்பைச் சுற்றினால், விதி எதைக் காப்பாற்றச் சொன்னதோ அதையே விதியை நம்பி அவன் கெடுத்துவிடுவான். எங்கள் பிள்ளையின் கையில் இருந்தது எயார் பிஸ்டல் என்பதால் விஷயம் ஒரு ரியூப்போடு போயிற்று.

அறிந்தே அந்த நெம்பை முடக்குகிறவர்களும் உண்டு. பெருவிரலை உயர்த்தி வைத்துப் பிடிக்கிறவர்களுக்கு உள்ளங்கை பின்னால் சரியாகப் பதியாது, அவசரத்தில் நெம்பு உள்ளே போகாது, விசை அசையாது. போட்டியில் நொடி போய்விடும். அதனால் ஆணி வைத்து அடைத்துவிடுவார்கள். 1996இல் தொடங்கிய, பிஸ்டல் போட்டிகள் நடத்துகிற ஐ.டி.பி.ஏ. அமைப்பு இதை அனுமதிப்பதில்லை. வேறு அமைப்புகளில் எல்லாப் பிரிவிலும் அந்த இறுக்கம் இல்லை. என் கட்சி முதலாவதன் பக்கம். கைக்குப் பொருந்தாவிட்டால் கீழ்ப்பக்கம் மேடு வைத்த நெம்பு விற்கிறார்கள், அதை வாங்கிப் பூட்டட்டும். செருப்பு கடித்தால் விரலையா வெட்டுவது?

இங்கே துவக்கு என்ற சொல்லுக்கு உள்ள பாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. காட்டுப்பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கில் கால் போனவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், மற்றக் கதைகளை விடுங்கள். பிள்ளையைப் பயிற்சிக்கு விடச் சொல்லிப் புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் போனபோது, தாய் தேத்தண்ணி தந்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டா: "தம்பி, இது தற்செயலா வெடிக்காதோ?" வெடிக்காது என்று சொல்ல எனக்கு விதிப்புத்தகம்தான் துணை. அது பிழையான தமிழில் வந்தால் நான் எதைக் காட்டுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எயார் பிஸ்டல் ஒற்றைக் கையால் மட்டுமே சுட வேண்டிய விளையாட்டு. இடது கை இல்லாத ஒருவர் எங்களிடம் பழகுகிறார். இலக்குக்கு முன்னால் நிற்கும்போது மற்றவர்களும் இடக்கையைக் காற்சட்டைப் பைக்குள்தான் வைத்திருக்கிறார்கள். வன்னியில் இப்படி ஒரு விளையாட்டு வளர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இத்தனை வருடம் கழித்தும் தமிழ்ப் பிரதி என்பது கடைசி நாள் யாரோ அகராதியைப் புரட்டிச் செய்கிற வேலையாக இருப்பது ஏன்? கிறிப் சேஃப்ரியை "பிடியின் பின்பக்கப் பூட்டு" என்று எழுதுங்கள், அல்லது கிறிப் சேஃப்ரி என்றே விட்டு, பக்கத்தில் ஒரு படம் போடுங்கள். எந்த விதி எந்தப் பிஸ்டலுக்கு என்று பிரித்துக் காட்டுங்கள். எயார் பிஸ்டலின் விசை 500 கிராம் தாங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். குழாயை நிமிர்த்திப் பிடித்து, விசையில் எடைப்படியைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்க்க அந்தப் படிதான் இல்லை. முத்திரை குத்திய படி ஒன்றை மாவட்டத்துக்கு அனுப்புங்கள். இரவு முழுக்க பஸ்ஸில் வந்து மேசையில் தோற்பதை விட, இங்கேயே தோற்றுத் திருத்திக்கொண்டு வரலாம்.

அடுத்த சுற்றறிக்கையை அச்சுக்குக் கொடுக்க முதல் நகல் ஒன்றை எனக்கு அனுப்பினால், பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். அவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று குறித்து மூன்றாம் நாள் திருப்பி அனுப்புகிறேன். முத்திரைச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு பயிற்றுநர்